இலங்கையில் பொழுது சாய்வதைப் பார்க்க: எந்தக் கரை, எந்த மாதம்?

ஜூலை மாதத்தில் மிரிஸ்ஸவுக்குப் போய், சூரியன் கடலில் இறங்காமல் தென்னந்தோப்புக்குப் பின்னால் மறைவதைப் பார்த்து ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறையப் பேர். டிசம்பரில் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதிதான். இரண்டுமே நல்ல கரைகள். போன மாதம்தான் பிழை. இலங்கையில் அஸ்தமனம் பார்க்கச் சிறந்த இடம் எது என்று கேட்பவர்களிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது, எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைத்தான்.

காரணம் எளிது. சூரியன் நேர் மேற்கில் மறைவது ஆண்டில் இரண்டே தடவை, மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய நாள்களை ஒட்டி. ஜூன் கடைசி வாரத்தில் அது மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே தள்ளி மறையும். டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளி மறையும். ஆக, ஒரே கரையில் நின்று பார்த்தாலும் ஆறு மாத இடைவெளியில் சூரியன் விழும் இடம் 47 பாகை நகர்ந்திருக்கும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அப்படி ஐந்து முட்டி தூரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் மேற்குப் பார்த்த கொழும்பு, நீர்கொழும்பு, கற்பிட்டிக் கரைகளுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. தெற்குப் பார்த்த மிரிஸ்ஸ, தங்காலை போன்ற இடங்களிலும் வடக்குப் பார்த்த யாழ்ப்பாணக் கரைகளிலும் முழு வித்தியாசமும் இதில்தான் இருக்கிறது.

இதோடு காற்றையும் சேர்த்துப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, யாழ்ப்பாணத்தார் சொல்லும் சோளகம். அப்போது காலி, மாத்தறைப் பக்கம் மழையும் கொந்தளிக்கும் கடலும். வடக்கோ காய்ந்து கிடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, அதாவது வாடை. மழை கிழக்குக்கும் வடக்குக்கும் போய்விட, தென்மேற்குக் கரை தெளிந்து அமைதியாக இருக்கும். சூரியன் தெற்கே சாயும் மாதங்களில் தென்கரை தெளிகிறது, வடக்கே சாயும் மாதங்களில் வடகரை தெளிகிறது. இந்தத் தீவு அந்தி பார்க்க வருபவர்களுக்குச் செய்து வைத்திருக்கும் பெரிய உதவி இது. டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கு, மே முதல் செப்டம்பர் வரை வடக்கும் வடமேற்கும் என்று பிடித்துக்கொண்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

நேரத்தையும் சொல்லிவிடலாம். கொழும்பில் சூரியன் மிக முந்தி மறைவது நவம்பர் நடுவில், மாலை 5.50 அளவில். மிகப் பிந்துவது ஜூலை தொடக்கத்தில், 6.31 அளவில். யாழ்ப்பாணத்தில் இந்த வரம்புகள் 5.45, 6.35. மட்டக்களப்பு கிழக்கே இருப்பதால் அங்கே கொழும்பைவிட ஏழு நிமிடம் முந்தும். பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். வட்டத்தின் கீழ் விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து மேல் விளிம்பு மறைவது வரை இரண்டே கால் நிமிடம்தான். அதன்பின் கால் வைக்கும் இடம் தெரியும் அளவு வெளிச்சம் இருபது நிமிடம் போல நிற்கும். ஐரோப்பிய நாடுகளில் நெடுநேரம் நீளும் அந்தியைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே இருட்டில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

வட்டமா, வண்ணமா?

இதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். சூரியன் முழு வட்டமாகக் கடலில் இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் அடிவானம் துப்புரவாக இருக்க வேண்டும். தென்மேற்குக் கரையில் அதற்கு ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்ல காலம். ஆனால் மேகமே இல்லாத வானம் மறைவுக்குப் பிறகு வெளிறிப்போகும். ஒரு மஞ்சள், அதன் மேல் ஒரு ஊதா, அதோடு சரி. வானம் முழுக்கத் தீப்பற்றியதுபோலச் சிவக்க வேண்டுமானால் உயரத்தில் பஞ்சு மேகமோ இழை மேகமோ வேண்டும். மறைந்த சூரியனின் ஒளி கீழிருந்து அவற்றின் அடிவயிற்றில் பட்டுத்தான் அந்தச் சிவப்பு வருகிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரையிலும் பிற்பகலில் இடியும் மழையும் வந்து போகும். மழை ஐந்து மணிக்குள் ஓய்ந்து மேற்கே ஒரு கிழிசல் விட்டால் அன்றைய வண்ணத்துக்கு ஈடில்லை. ஓயாவிட்டால் நனைந்து திரும்ப வேண்டியதுதான். இரண்டு மூன்று நாள் ஒரே ஊரில் தங்குபவர்கள் இந்தச் சூதாட்டத்தை ஆடலாம். ஒரே ஒரு மாலை மட்டும் கையில் இருப்பவர்கள் பிப்ரவரியை நம்புவது நல்லது.

நாலரை மணிக்கே மேற்கைப் பார்த்துக் கணிக்க ஒரு வழி உண்டு. அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் தட்டையான ஒரு பட்டை தெரிந்தால், நீட்டிய கையில் அது எத்தனை விரல் தடிப்பு என்று பாருங்கள். ஒரு விரல் சுமார் 2 பாகை, அதாவது எட்டு நிமிடம். பட்டை மூன்று விரல் தடித்திருந்தால் சூரியன் மறைவு நேரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் முன்பே அதற்குள் புகுந்துவிடும். அந்த நாளில் படகு பிடித்தோ மலை ஏறியோ பயனில்லை. உயரத்து மேகங்களை நம்பி அருகிலுள்ள கரையிலேயே உட்காரலாம்.

தெற்கு: காலிக் கோட்டையா, மிரிஸ்ஸவா?

டிசம்பர் முதல் மார்ச் வரை வருபவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு காலிக் கோட்டை மதில். அது கடலுக்குள் நீண்ட ஒரு முனையில் இருப்பதால் மேற்கும் தெற்கும் திறந்த கடல். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெரிதாக்கிய மதிலில் நடக்கக் கட்டணம் இல்லை. புல் மூடிய அகலமான மேல்தளம், உட்கார இடம், கீழே பாறையில் மோதும் அலை, முதுகுப்பக்கம் ஊரின் ஓட்டுக்கூரைகள். மழை வந்தால் ஒதுங்கவும் பசித்தால் சாப்பிடவும் ஐந்து நிமிட நடையில் கடைகள். கடற்கரை மணலில் இந்த வசதி கிடைக்காது.

ஆனால் கோட்டைக்குள் எங்கே நிற்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வெள்ளை வெளிச்சவீடு நிற்பது தென்கிழக்கு மூலையில். அங்கே போய் நின்றால் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். தெற்கு முனையிலுள்ள கொடிக்கம்பப் பாறையில் கூட்டம் நெரியும். அங்கிருந்து வடமேற்காக மதிலோடு நடந்தால் ட்ரைட்டன் கொத்தளம், அடுத்து நெப்டியூன், அதன்பின் கிளிப்பன்பர்க் என்று வரிசையாக வரும். ட்ரைட்டனுக்கும் கிளிப்பன்பர்க்குக்கும் இடைப்பட்ட அந்த நீளத்தில் எங்கு நின்றாலும் பார்வையை மறைக்க ஒன்றுமில்லை, கூட்டமும் குறைவு. மறைவுக்கு நாற்பது நிமிடம் முன்பு கொடிக்கம்பப் பாறையில் தொடங்கி மெதுவாக நடந்து நெப்டியூனில் போய் உட்காருவது நல்ல கணக்கு. வெளிச்சவீட்டைப் படத்தில் சேர்க்க நினைப்பவர்கள் அரை மணி நேரம் முன்பே, பொன்வெயில் அதன்மேல் படும்போது எடுத்துவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. மதிலுக்குப் பெரும்பாலான இடங்களில் கைப்பிடிச் சுவரே கிடையாது. விளிம்பிலிருந்து நேரே கீழே பாறை. சின்னப் பிள்ளைகளின் கையை விடக் கூடாது. படம் எடுத்தபடி பின்னோக்கி நடக்கவும் கூடாது. கொடிக்கம்பப் பாறையிலிருந்து கடலில் குதித்துக்காட்டிக் காசு கேட்கும் இளைஞர்களை ஊக்கப்படுத்தாதீர்கள். கீழே நீருக்குள்ளும் பாறைதான்.

கோட்டையையே காட்சிக்குள் வைக்க ஆசைப்பட்டால் குடாவுக்கு எதிர்ப்பக்கம் ரூமஸ்ஸலக் குன்றிலுள்ள சமாதானத் தாதுகோபத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து கோட்டை மேற்கு வடமேற்கில் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் தெரியும். டிசம்பரில் சூரியன் கோட்டைக்கு வெகுவாக இடப்புறம், வெறும் கடலில் இறங்கும். மார்ச் தாண்டிய பிறகு நாளுக்கு நாள் கோட்டையை நெருங்கி வரும். ஆகவே இந்த இடத்துக்கு டிசம்பரைவிட ஏப்ரல் மேல். இது வழிபாட்டு இடம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், மேல்தளத்துக்குச் செருப்போடு போகக் கூடாது. வெயிலில் காய்ந்த கல் அந்த நேரத்திலும் சுடும், ஆகவே காலுறை கொண்டுபோவது நல்லது.

மிரிஸ்ஸவின் தென்னைக் குன்று படங்களில் பார்க்கக் கொள்ளை அழகு. சிவந்த மண்மேடு, நெருங்கி நிற்கும் தென்னைகள், கீழே கடல். நேரில் ஐந்து மணிக்குமேல் ஒவ்வொரு தென்னைக்கும் ஒரு குடும்பம் நிற்கும். குடாவின் கிழக்கு முனையில் இருப்பதால் மேற்கே குடா முழுவதும் விரியும் என்பது இதன் பலம். டிசம்பரிலும் ஜனவரியிலும் சூரியன் கடலில் இறங்கும். மே முதல் ஆகஸ்ட் வரை நிலத்துக்குப் பின்னால் போய்விடும். குன்றில் ஏறாமல் கரை மணலில் உட்கார்ந்தாலே காட்சியில் முக்கால் பங்கு கிடைக்கும் என்பது எங்கள் கருத்து. குடாவின் நடுவிலுள்ள கிளிப்பாறைக்கு இடுப்பளவு நீரில் நடந்து போகிறார்கள். போகும்போது எளிது. திரும்பும்போது இருட்டும் அலையும் சேரும். இலங்கைக் கரையில் நீர் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் அந்தக் குறுகிய இடத்தில் அரை அடி கூடினாலே கால் நிலைகொள்ளாது.

உனவட்டுன குடா குளிக்க நல்லது. அந்தியைப் பொறுத்தவரை காலிக்கு இரண்டாம் பட்சம். ஹிரிகெட்டிய லாடம்போல வளைந்த சிறு குடா. இரு பக்கமும் மேடு இருப்பதால் சூரியன் கடலைத் தொடும் முன்பே மறைந்துவிடும். கொக்கலப் பக்கம் கம்பத்தில் உட்கார்ந்து மீன்பிடிப்பவர்களை அந்தி வெளிச்சத்தில் படமெடுக்கப் போகிறவர்கள், இன்று அவர்களில் பலர் படத்துக்காகவே ஏறி உட்காருகிறார்கள், அதற்குக் காசு எதிர்பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, முதலிலேயே பேசி முடித்துப் போக வேண்டும்.

வடக்கும் வடமேற்கும்: மே முதல் செப்டம்பர் வரை

கசூரினா காரைநகரின் வடகரை. யாழ்ப்பாண நகரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், தீவுக்குப் போகும் தாம்போதி (நீரைக் குறுக்கே கடக்கும் மேட்டு வீதி) வழியே. கடல் ஆழமில்லாமல் குளம்போலக் கிடக்கும். நீரில் வெகுதூரம் நடந்து போகலாம். ஜூன், ஜூலையில் சூரியன் கரைக்கு இடப்பக்கம் நீர்க்கோட்டின் மேல் இறங்கும். முழங்கால் நீரில் நின்று மேற்கே பார்த்தால் அலையில்லாத நீரில் சிவப்பு கால் வரைக்கும் வந்து கிடக்கும். தென்கரையின் நுரைத்து மோதும் அலையில் இது கிடைக்காது. கசூரினாவைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு இந்த ஒன்றே போதும். அக்டோபர் தொடங்கிப் பிப்ரவரி வரை சூரியன் நிலத்துப் பக்கம் போய்விடும். அந்த மாதங்களில் வேலணைத் தீவின் தெற்குக் கரையிலுள்ள சாட்டிக்குப் போங்கள். வடக்கில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. ஆகவே சாட்டிக்கு ஜனவரியும் பிப்ரவரியும் பொருத்தம்.

எந்த மாதத்திலும் கைவிடாத இடம் பண்ணை. யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்தில் தொடங்கித் தீவுகளை நோக்கிக் கடல்நீரேரியைக் குறுக்கே வெட்டிப் போகும் வீதி. இரண்டு பக்கமும் ஆழமற்ற நீர், கம்பு நட்டு வலை கட்டிய மீன்பொறிகள், அவற்றின் மேல் வரிசையாகப் பறவைகள். ஊர்க்காரர்கள் செக்கல் பொழுதில் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு உட்காரும் இடம். கோட்டை மதிலின் மேற்குப் பக்கமும் நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே வாயில் மூடும் நேரம் என்று ஒன்று உண்டு, போகும்போதே கேட்டு வைக்க வேண்டும். பண்ணைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வீதி குறுகல், பேருந்துகள் வேகமாக வரும். வண்டியை நீர்ப்பக்கம் முழுமையாக ஒதுக்கி நிறுத்துங்கள்.

நெடுந்தீவு, நயினாதீவு அந்திகளைப் பற்றி ஆசையோடு விசாரிப்பவர்கள் உண்டு. குறிகட்டுவான் துறைக்குத் திரும்பும் கடைசிப் படகு மாலைக்கு முன்பே கிளம்பிவிடும். தீவில் இரவு தங்க இடம் உறுதி செய்யாமல் அந்தி பார்க்க நினைக்காதீர்கள். தங்குபவர்களுக்கு நெடுந்தீவின் மேற்குக் கரை, பவளக்கல் வேலிகளும் வெறுமையும் சேர்ந்து, வடக்கிலேயே தனிமையான அந்தி.

தலைமன்னாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். மன்னார்த் தீவின் வடமேற்கு முனை, அதற்கப்பால் ராமர் பாலத்தின் மணல்திட்டுகள், அவற்றின் அந்தப் பக்கம் முப்பது கிலோமீட்டர் போனால் தனுஷ்கோடி. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முனை இருக்கும் திசை, மேற்கிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கு. சூரியன் அதே திசையில் மறைவது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும். அந்த நாள்களில் இங்கே நிற்பவருக்குச் சூரியன் தமிழ்நாட்டின் நிலத்துக்கு நேர் மேலே இறங்குகிறது. கண்ணுக்கு அந்தக் கரை தெரியாது. கரையில் நிற்கும் ஒருவரின் கண்மட்டத்திலிருந்து கடல் அடிவானம் வெறும் ஐந்து கிலோமீட்டர் தூரம்தான். ஆனாலும் ஒரு காலத்தில் ரயிலும் படகும் இணைத்திருந்த இரண்டு முனைகள் அவை என்று தெரிந்து பார்ப்பவருக்கு அந்தச் சிவப்பு வேறு மாதிரி இருக்கும். கொழும்பிலிருந்து தலைமன்னார் வரை ரயில் உண்டு. போருக்குப் பின் 2015-ல் பாதை மீண்டும் திறந்தது. முனையில் கடைகளும் தங்குமிடங்களும் குறைவு. தண்ணீரும் இரவுச் சாப்பாட்டுக்கான ஏற்பாடும் மன்னார் நகரிலேயே செய்துகொள்ளுங்கள். கரையோரத்தில் கடற்படையின் இடங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். சோளக மாதங்களில் காற்று ஓயாது. தீவின் தென்கரையில் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பதே அதற்குச் சாட்சி. மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். கேமரா லென்ஸை அங்கே மாற்றவே கூடாது.

கற்பிட்டியும் இதே காற்றில் வாழும் ஊர். மே முதல் அக்டோபர் வரை பட்டம் கட்டிக் கடலில் சறுக்குபவர்கள் அங்கே குவிவார்கள். அந்தி வானில் பத்து இருபது வண்ணப் பட்டங்கள் மிதப்பது வேறெங்கும் கிடைக்காத காட்சி. அமைதி தேடுபவர்கள் அங்கே பிப்ரவரி, மார்ச்சில் போகலாம்.

கொழும்புக்குள் ஒரே ஒரு மாலை இருந்தால்

காலிமுகத் திடலைத்தான் எல்லோரும் சொல்வார்கள், தப்பில்லை. 1859-லிருந்து ஊர் காற்று வாங்கும் இடம். இறால் வடை, அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும், பட்டம், பலூன், பிள்ளைகள். இங்கே அந்தியோடு மக்களையும் பார்க்கலாம். இடம் மட்டும் கவனிக்க வேண்டும். திடலின் வடக்கே கடலை நிரப்பி எழுப்பிய துறைமுக நகரம் இப்போது வடமேற்குப் பார்வையை அடைக்கிறது. ஜூன், ஜூலையில் சூரியன் அந்தப் பக்கம்தான் சாயும். அந்த மாதங்களில் திடலின் தென்கோடியில், ஹோட்டல் பக்கமாக நில்லுங்கள். டிசம்பரில் எங்கு நின்றாலும் ஒன்றுதான். கடலில் இறங்கிக் குளிக்கும் இடமல்ல இது.

எங்களைக் கேட்டால் வெள்ளவத்தை மரைன் டிரைவ் இன்னும் நெருக்கமானது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று ரயில் பாதை கடலை உரசிக்கொண்டே போகிறது. வீதிக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கற்கள். ஊர்க்காரர்கள் அந்தக் கற்களில் போய் உட்காருவார்கள். மறைவு முடிந்து திரும்பினால் இரண்டு தெரு தள்ளிச் சூடாக இடியப்பமும் சொதியும். ஆனால் தண்டவாளத்தைக் கடப்பதில்தான் ஆபத்து. அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது, மேற்கே வெயில் கண்ணைக் கூசும். நிலையத்துப் பக்கம் கடவுங்கள், இரண்டு பக்கமும் பார்த்துக் கடவுங்கள், தண்டவாளத்தின் மேல் நின்று படம் எடுக்காதீர்கள்.

ரயிலே ஒரு வழிதான். கோட்டை நிலையத்திலிருந்து தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம். பாணந்துறை வரை பல இடங்களில் அலைத் தெறிப்பு பெட்டியிலேயே படும். மாலை நான்கு முதல் ஆறரை வரை அலுவலகக் கூட்டம் பிதுங்கும் என்பதால் வாரநாள்களில் ஜன்னலோரம் கிடைக்காது. ஞாயிறு மாலையில் முயலுங்கள். உயரத்திலிருந்து பார்க்கத் தாமரைக் கோபுரம் இருக்கிறது. இருநூறு மீட்டருக்கு மேலிருந்து பார்த்தால் அடிவானம் தாழ்வதால், தரையில் சூரியன் மறைந்து ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்துத்தான் மேலே மறையும். மறைவை இரண்டு தடவை பார்க்க முடிந்த கணக்கு. ஆனால் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு படங்களைக் கெடுக்கும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக் கையால் மூடினால் ஓரளவு தப்பலாம்.

உள்நாட்டில்: பாறையும் குளமும்

சீகிரியாவைப் பார்க்கப் போகிறவர்கள் அந்திக்கு எதிரிலுள்ள பிதுரங்கலப் பாறையில் ஏறுகிறார்கள். காரணம் நியாயமானது. சீகிரியாவின் மேல் நின்றால் சீகிரியா தெரியாது. பிதுரங்கல அதற்கு வடக்கே இருப்பதால் சிவந்த வெயில் சீகிரியாவின் மேற்கு முகத்தில் படுவதை முழுதாகப் பார்க்கலாம். ஏற முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். கடைசிப் பகுதியில் பெரிய உருண்டைப் பாறைகளின் இடுக்கில் கையூன்றி ஏற வேண்டும். ஏறுவதைவிட இருட்டில் இறங்குவதுதான் கடினம். தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று அவசியம். கைபேசி வெளிச்சம் போதாது, இரண்டு கையும் பாறைக்கு வேண்டும். மழை பெய்த நாளில் விட்டுவிடுங்கள். இறங்கிய பிறகு அந்தப் பக்கத்து வீதிகளில் இரவில் காட்டு யானை நடமாட்டம் உண்டு. நடந்தோ சைக்கிளிலோ திரும்பாமல் ஆட்டோவை முன்பே பேசிக் காத்திருக்கச் சொல்ல வேண்டும்.

முதியவர்களோ குழந்தைகளோ கூட இருந்தால் பிதுரங்கலவை விட்டுப் பொலன்னறுவைக்குப் போங்கள். பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளம் ஊருக்கு மேற்கே இருக்கிறது. பதினான்கு கிலோமீட்டர் நீளும் அணைக்கட்டில் நின்றால் சூரியன் நேரே நீருக்கு அந்தப்புறம், தொலைவு மலைகளின் பின்னால் போகும். கட்டணம் இல்லை, ஏற்றம் இல்லை, கூட்டமும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பெரிதாக்கிய குளத்தில் நீர்க்காகங்கள் கூடடைய வரும் சத்தம் மட்டும் கேட்கும். தமிழ் மரபு நெய்தலுக்கு எற்பாட்டையும் முல்லைக்கு மாலையையும் பொழுதாக வகுத்து வைத்தது. சூரியன் இறங்கும் அந்தக் கடல்பொழுதும், இறங்கிய பிறகு வரும் கூடடையும் பொழுதும் வேறு வேறு என்பது இந்தக் குளக்கரையில் நின்றால் நன்றாகப் புரியும். இங்கே மறைந்தவுடன் கிளம்பாதீர்கள், அரை மணி நேரம் இருங்கள். நீரில் இறங்க வேண்டாம், முதலை உண்டு.

எல்ல என்ற மலையூருக்குப் பக்கத்திலுள்ள சிறிய சிவனொளிபாத மலை ஏறுவதற்கு எளிது, ஆனால் மேற்கே மலை நிற்பதால் சூரியன் நேரத்துக்கு முன்பே ஒளிந்துவிடும், பிற்பகலில் மூட்டம் வேறு. அது விடியலுக்கான இடம். கிழக்குக் கரையும் அப்படித்தான்: நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பே எல்லாமே உதயத்துக்கு உரியவை. கிழக்கில் அந்தி வேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டி வாவியைப் பாருங்கள். மட்டக்களப்பில் கல்லடிப் பழைய பாலத்தின் மேல் நின்றால் வாவி நீரில் ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்க்கலாம்.

கையோடு வைத்துக்கொள்ள

எந்த இடமானாலும் மறைவுக்கு முக்கால் மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். திரும்பும் வண்டியைப் போகும்போதே பேசி, காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி முடித்துவிடுங்கள். அந்திக்குப் பிறகு கசூரினாவிலும் தலைமன்னாரிலும் வெறும் வண்டி கிடைப்பது அரிது. டெங்குக் கொசு கடிக்கும் முக்கிய நேரங்களில் மாலையும் ஒன்று. நீரேரி, குளக்கரைகளில் கை கால் மூடிய உடையும் கொசு மருந்தும் வேண்டும். கைபேசியில் படம் எடுப்பவர்கள் சூரியனை அல்ல, அதன் பக்கத்து வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் நிறம் வெளிறாது. கடற்கரையில் அரை மணி நேரத்தில் லென்ஸில் உப்புப் படலம் படியும். அதைத் துடைக்காமல் எடுத்த படங்களில்தான் சூரியனைச் சுற்றி மூட்டமாக ஒரு வளையம் விழும். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி தேவை.

நாளைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் போயா நாளைப் பாருங்கள். பௌர்ணமி அன்று சூரியன் மேற்கில் இறங்கும் அதே நேரத்தை ஒட்டி நிலவு கிழக்கில் எழும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க, இரு பக்கமும் நீர் வேண்டும். பண்ணை வீதி, மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதி, காலிக் கோட்டை மதில் மூன்றும் அதற்கு வாகானவை. காலியில் நெப்டியூனில் மறைவைப் பார்த்துவிட்டு மதிலோடு நடந்து வெளிச்சவீட்டுக்கு வந்தால், ஏறிவரும் நிலவு குடாவின் மேல் நிற்கும். போயாவில் விகாரைகளிலும் வீதிகளிலும் கூட்டம் கூடும், மதுக்கடைகள் பூட்டியிருக்கும்.

இரவு விமானத்தில் கிளம்புபவர்களுக்குக் கடைசி மாலை நீர்கொழும்பு. கட்டுநாயக்கவிலிருந்து பத்துக் கிலோமீட்டர் போல. நேர் மேற்குப் பார்த்த கரை என்பதால் ஆண்டு முழுதும் சூரியன் கடலில்தான் இறங்கும். ஹோட்டல்கள் நெருங்கிய வடபகுதியைவிட, பக்கமிதப்பு கட்டிய மீன்பிடிப் படகுகள் பாய் சுருட்டிக் கிடக்கும் மீன்சந்தைப் பக்கம் நில்லுங்கள். கருவாடு காய்ந்த வாடை வரும், பாய்கள் பழுப்பிலிருந்து கறுப்பாக மாறும். ஆறரைக்குக் கிளம்பினால் மாலை நெரிசலிலும் ஏழரைக்குள் விமான நிலையம் போய்விடலாம்.